வால் பிரிந்த ஜோடி

வீதா லெகாட்டின் மேசைக்கு வந்து சேரும் ஒவ்வொரு ஜோடி ஸ்கீ பனிச்சறுக்குப் பலகையும் கூடவே ஒரு பொய்யையும் கூட்டிக்கொண்டுதான் வரும். பதினொரு வருடமாக அவள் கண்டது அது. "மூணே மூணு தடவைதான் பனியில போட்டேன்" என்று கடிதம் சொல்லும். அடிப்பக்கத்தைத் திருப்பினால் மூன்று குளிர்காலத்துக் கீறல்கள் இருக்கும். "கல்லுல படவே இல்லை" என்று சத்தியம் செய்திருப்பார்கள். எஃகு விளிம்பில் கல் கடித்த இடம் கன்றிப்போய் நீலமாக நிற்கும். ஒருத்தி, காரின் கூரைமேல் கட்டிய ஸ்கீயைக் கராஜ் கதவில் இடித்து முறித்துவிட்டு, "காத்துல தானாவே உடைஞ்சிருச்சு" என்று எழுதியிருந்தாள். முறிந்த இடத்தில் கதவின் பச்சைப் பெயின்ட் அப்படியே ஒட்டியிருந்தது.

மேல் சாவா பள்ளத்தாக்கில், ரயில் நிலையத்துக்கும் மரம் அறுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருந்தது ஸ்கீ செய்யும் அந்தத் தொழிற்சாலை. பதினான்கு பேர் வேலை செய்தார்கள். திரும்பி வரும் ஸ்கீக்களைப் பார்த்து, குற்றம் தொழிற்சாலையுடையதா வாங்கினவருடையதா என்று முடிவு சொல்வது வீதாவின் வேலை. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் அதே கூரையின் கீழ் விளிம்பு தீட்டிக்கொண்டிருந்தாள். அதனால் கையே போதும் அவளுக்கு. விரல் கணுவால் நுனியிலிருந்து பின்முனையான வால்வரை தட்டிக்கொண்டே போவாள். பசை பிடித்திருக்கும் இடத்தில் சத்தம் இறுக்கமாக வரும். பிரிந்த இடத்தில் பொத்தென்று விழும். இரண்டு அடிப்பக்கத்தையும் ஒட்டவைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். கடைசியில் முகர்ந்தும் பார்ப்பாள். அடுப்புப் பக்கத்தில் கிடந்த ஸ்கீக்கு ஒரு வாசனை உண்டு, அது மூக்குக்குத் தப்பாது.

தொழிற்சாலையில் பிடித்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாங்கின ரொட்டியைத் தட்டிப் பார்ப்பாள். வெண்ணெய்க் கட்டியை எடை போட்டுத்தான் உள்ளே வைப்பாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவன் ரதோ, விருந்தாளி யார் வந்தாலும் இதை ஒரு தரம் சொல்லாமல் விடமாட்டான்: "கல்யாணத்தன்னைக்கு நான் 'சம்மதம்'னு சொன்னதும் சுத்தியிருந்தவங்க எல்லாம் கை தட்டுனாங்க. இவ மட்டும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தா, நிஜமாத்தான் சொல்றானான்னு."

"இப்பவும் முழுசா நிச்சயம் இல்ல" என்பாள் வீதா.

விஷயம் தொடங்கியது ஒரு நவம்பர் மாதம், க்ரான் நகரத்து ஸ்கீ சந்தையில். பழைய ஸ்கீ விற்க வருகிறவர்களும் வாங்க வருகிறவர்களுமாக அரங்கம் நிரம்பி வழியும். அதில் ஓரமாக முதலாளி ஃபெர்தோவும் வீதாவும் புது ஸ்கீக்களை அடுக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள். வந்தவர்களில் ஒருவர்கூடச் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரிய ஆள் ஒரு ஸ்கீயைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, எவ்வளவு வளைகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்தார். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்து, தலையை ஆட்டிவிட்டு, விலைச்சீட்டைத் திருப்பினார்.

"அறுநூத்தித் தொண்ணூறு யூரோவா? எதுக்கு, உள்ள தங்கக் கம்பியா ஓடுது?"

"நம்ம ஊர்லயே செஞ்சதுங்க. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும்" என்றார் ஃபெர்தோ.

"அதான் கேக்குறேன். நம்ம ஊர்ல செஞ்சதுக்கு எதுக்கு வெளியூர் விலை?"

பக்கத்தில் நின்ற பெண்மணி சேர்ந்துகொண்டாள். "எல்லைக்கு அந்தப் பக்கம் நானூத்தம்பதுக்குக் கிடைக்குது. பேரும் பெரிய பேரு."

"இவங்க சீனாக்காரன்கிட்ட வாங்கி, மேல நம்ம மலையோட படத்தை ஒட்டியிருப்பாங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஃபெர்தோவின் காதுமடல் சிவந்துபோனது.

வீதாவுக்கு அந்தக் கூட்டத்தின்மேல் கோபமே வரவில்லை. அவர்கள் கேட்டது எல்லாம் அவளும் கேட்டிருக்கக்கூடியதுதான். ஊர் திரும்பும்போது வேனை ஃபெர்தோதான் ஓட்டினார். பாதி வழியில், "விலையைக் குறைக்கணும், வீதா" என்றார்.

"குறைச்சா அதுக்கும் சந்தேகப்படுவாங்க. இவ்வளவு மலிவா இருக்கே, உள்ள என்ன கோளாறுன்னு கேப்பாங்க."

"உங்களை மாதிரி எல்லாரும் இருக்கமாட்டாங்க" என்று சிரித்தார் அவர்.

அந்தக் குளிர்காலத்தில் விலை ஐந்நூற்றுத் தொண்ணூறு ஆயிற்று. சரக்கும் நன்றாக ஓடியது. எப்படிக் குறைந்தது என்று வீதா கேட்கவில்லை. பின்னால் அதை நினைத்து அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்: முட்டையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள், நூறு யூரோ எங்கே போயிற்று என்று கேட்காமல் இருந்துவிட்டாள்.

அடுத்த குளிர்காலம் வால் பிரிந்த ஸ்கீக்கள் வரத் தொடங்கின. மேல்பலகையும் அடிப்பலகையும் வால் பக்கம் வாத்தின் அலகுபோல வாய் பிளந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன் ஐந்து ஜோடி, ஜனவரி முடிவதற்குள் மொத்தம் பத்தொன்பது. எல்லாவற்றிலும் விளிம்பில் எங்காவது ஓர் அடி இருந்தது. அந்த வருடம் பனி குறைவு. சரிவுகளில் கல் தலைகாட்டிக்கொண்டிருந்தது. வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. பத்தொன்பது பேருக்கும் ஒரே பதில் போனது: வெளி அடியால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் அடங்காது.

பத்தொன்பதாவது ஆள் சிரில் ப்ரெத்னார். போஹின் பக்கத்தில் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர். அவருடைய கடிதம் வீதாவை முதல் வரியிலேயே உறுத்தியது. 'நாற்பத்தொரு நாள் ஓட்டியிருக்கிறேன். வால் திறந்துகொண்டது. நம்ம ஊர்ச் சாமான் என்று நம்பித்தான் வாங்கினேன். பார்த்துச் சொல்லவும்.' அவ்வளவுதான். மூன்றே தடவை என்று பொய் சொல்லாத ஆளை அவள் பார்த்ததே இல்லை. இவ்வளவு நேர்மையாக எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது. வாலின் விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருந்ததைக் கண்டதும் மனசு ஆறியது. மறுப்புக் கடிதத்தோடு ஸ்கீயைத் திருப்பி அனுப்பினாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, அதே ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரில் நேரில் வந்து நின்றார். ஒல்லியான, உயரமான மனிதர். தலையிலிருந்து கால்வரை வேலை உடுப்பு, கரிக்கறுப்பு. அவர் உள்ளே நடந்து வர வர, தொழிற்சாலையில் இருந்தவர்களின் கை தன்னால் சட்டைப் பொத்தானுக்குப் போனது. புகைபோக்கிக்காரர் எதிரே வந்தால் அதிர்ஷ்டம் வேண்டிப் பொத்தானைப் பிடிக்காதவர் யார்? வீதா மட்டும் பிடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் இந்த உடுப்பில் வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

"நீங்கதான் அந்தக் கடிதம் எழுதுனவங்களா?" என்றார் சிரில்.

"நான்தான். எழுதினதுல மாத்தம் இல்ல. வால் ஓரத்துல அடி இருக்கு."

"இருக்கு. அந்த அடியைக் குடுத்தது நான்தான்."

வீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ஒத்துக்கிறீங்க."

"வால் வாயைத் திறந்ததுக்கு அப்புறம் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினேன், ஒட்டிக்குமான்னு. ஒட்டல. அதைக் கடிதத்துல எழுதல. எழுதியிருந்தா அதுக்கு மேல நீங்க படிச்சிருக்க மாட்டீங்க."

"கண்டிப்பாப் படிச்சிருக்க மாட்டேன்."

"ஒண்ணு செய்வோம்மா. இதை இங்கயே அறுத்துப் பாருங்க. உள்ள எல்லாம் சரியா இருந்தா, நான் இந்தத் துண்டுகளை எடுத்துட்டுப் போய் அடுப்புல போடுறேன். ஒரு பேச்சும் பேசமாட்டேன்."

அதிலும் ஒரு தந்திரம் இருக்குமோ என்று அவள் தேடிப் பார்த்தாள். அறுத்தால் நஷ்டம் அவருக்குத்தான்; தந்திரம் எதுவும் அகப்படவில்லை. "எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? ஸ்கீதானே?" என்றாள்.

"நான் வேலை பாக்குற இடத்துல பன்னண்டு வருஷமா எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்கீயைத்தான் எல்லாரும் வச்சிருக்காங்க. நான் ஒருத்தன் நம்ம சரக்கை வாங்கினேன். வாய்விட்டுச் சிரிக்கிறாங்கம்மா. நான் ஏமாந்தேனா, இல்ல என் கையாலதான் கெடுத்தேனா, அதை மட்டும் எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

ரம்ப எந்திரத்தை வீதாவே ஓட்டினாள். சிரில் மறுமுனையைத் தாங்கிக்கொண்டார். முதலில் நடுப்பகுதியை அறுத்தாள், சுத்தியலும் கல்லும் எட்டியிருக்க முடியாத இடம். துண்டு கீழே விழுந்ததும் ஒரு வாசனை எழுந்தது. புளித்தாற்போல, மருந்துபோல. வருடம் ஒன்றுக்கு மேல் ஆன ஸ்கீயில் வரக்கூடாத வாசனை. அவள் குனிந்து, வெட்டு முகத்தில் மரத்துக்கும் கண்ணாடி இழைத் துணிக்கும் நடுவே ஓடிய பசைக்கோட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நன்றாக வெந்த பசை கண்ணாடிபோல இருக்கும், நகம்தான் உடையும். இதில் நகத்தின் தடம் பதிந்து நின்றது.

இன்னொரு தரம் அழுத்தினாள். இன்னொரு தடம்.

"என்னம்மா?" என்றார் சிரில்.

"வேகலை" என்றாள் வீதா. "பசை வேகவே இல்லை."

சிரில் வெற்றிச் சிரிப்பு சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ அந்தத் துண்டை வாங்கித் தானும் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பாவம், மரம் நல்ல மரம்" என்றார்.

பசையை வேகவைப்பது அழுத்து எந்திரத்தின் வேலை. அடுக்குகளை உள்ளே வைத்து மூடி, சூட்டில் இருபது நிமிடம் விட வேண்டும். அதை இயக்குகிறவன் லோவ்ரோ. பதினெட்டு வருடமாகக் காலைச் சாப்பாட்டில் வீதாவுக்கு எதிரே உட்காருகிறவன். போன வருடம் அவன் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. பல நாள் சீக்கிரம் கிளம்பிப் போனான். வீதாவின் மனது இரண்டையும் சட்டென்று முடிச்சுப் போட்டுவிட்டது.

பத்து மணிக்கு எல்லாரும் சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். புகையிட்ட இறைச்சி போட்ட பார்லி, பீன்ஸ் குழம்பு அன்றைக்கு. வீதா நேராகப் போய் லோவ்ரோவின் தட்டுக்குப் பக்கத்தில் அறுத்த துண்டை வைத்தாள்.

"நீ வீட்டுக்கு ஓடுற அவசரத்துல எத்தனை ஜோடியைப் பாதி வேக்காட்டுல எடுத்தே, லோவ்ரோ?"

லோவ்ரோ துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன சொன்னே?"

"பத்தொன்பது பேருக்கு நான் உன்னாலதான் பொய்க் கடிதம் எழுதியிருக்கேன். எத்தனைன்னு கேட்டேன்."

"எனக்குப் பதினாலு நிமிஷம்னு சொன்னாங்க" என்றான் லோவ்ரோ, ஒவ்வொரு சொல்லாக. "இருபதுல இருந்து பதினாலு. போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர்ல. புதுப் பசை, சீக்கிரம் வேகும்னு. பத்தாதுன்னு மேல போய்ச் சொன்னேன். 'சொன்னதைச் செய்'னாரு. அவரு ஊர்ல இல்லாத நாள்ல எல்லாம் நான் இருபதே வச்சேன். போய்க் கேளு உன் முதலாளியை." எழுந்து தட்டை எடுத்துக்கொண்டான். "பதினெட்டு வருஷம் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டவ நீ. ஒரு வார்த்தை தனியா கேட்டிருக்கலாம்."

அவன் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எந்திரத்துப் பக்கம் போய்விட்டான். வீதாவுக்கு உடனே நம்பத் தோன்றவில்லை; ஆனாலும் கால் மாடிப்படி ஏறியது.

ஃபெர்தோ மறைக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பசை விற்றவர்கள் கொடுத்த தாளையே எடுத்துப் போட்டார். "பாருங்க, பதினாலுன்னு அச்சடிச்சிருக்கு. நானா கண்டுபிடிக்கல. ரெண்டு ஜோடியை என் கையால ஆயிரம் தடவை வளைச்சுப் பார்த்தேன், தாங்குச்சு. ஒரு நாளைக்கு நாலு ஜோடி கூடுதலா வந்துச்சு. அதுலதான் விலை குறைஞ்சது."

வீதா தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தாள். பதினான்கு நிமிடம் என்றுதான் இருந்தது, கீழே சின்ன எழுத்தில் சூட்டின் அளவும் இருந்தது. அவர்களுடைய பழைய எந்திரம் அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. பத்து டிகிரி குறையும்.

"இந்த வரியைப் படிச்சீங்களா?"

ஃபெர்தோ தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "கவனிக்கல" என்றார்.

வீதா அவர் முகத்தை எப்படிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கவனிக்காமல்தான் விட்டாரா, கவனித்தும் நடக்கட்டும் என்று விட்டாரா என்பது அன்றைக்கும் தெரியவில்லை, அதற்குப் பிறகும் தெரியவில்லை.

"பத்தொன்பது பேருக்கும் எழுதணும்" என்றாள்.

"எதுக்கு? அவங்களே விட்டுட்டாங்க. தூங்குறவங்களை நீங்களே ஏன் எழுப்புறீங்க?"

"நீங்க எழுதாட்டி நான் என் வீட்ல இருந்து எழுதுறேன். என் ஸ்டாம்ப், என் பேனா."

"எழுதி? புது ஸ்கீக்கு எங்க போவீங்க? சமையலறையிலயா செய்வீங்க?"

"அவங்களைப் பொய்யங்கன்னு சொன்னது நான், ஃபெர்தோ. எழுத்துல சொல்லி, கீழ என் கையெழுத்தைப் போட்டிருக்கேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே போகிற சரக்கு ரயில் முழுவதும் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருபது நிமிஷம்னு நானே கீழ வந்து லோவ்ரோகிட்ட சொல்றேன். எழுதுங்க" என்றார்.

மறுநாள் அதே சாப்பாட்டு அறையில், அதே நேரத்தில், வீதா எழுந்து நின்றாள். "நேத்து எல்லார் முன்னாடியும் கேட்டேன். இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னோடது, லோவ்ரோ."

"சரி, சொல்லிட்டே. குழம்பு ஆறுது, உக்காரு" என்றான் அவன். ஆனால் அவன் உட்கார்ந்திருந்தது வேறு மேசையில். அடுத்த நாளும் அங்கேதான் உட்கார்ந்தான்.

பத்தொன்பது கடிதமும் போயின: தவறு எங்களுடையது, மன்னிக்கவும், புது ஜோடி தருகிறோம். சிரிலைத் தவிர்த்து மற்ற பதினெட்டில் பதினொரு பேர் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர்தான் நம்பினார்கள். செல்யெ நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் எழுதினார்: 'போன மாதம் என்னைப் பொய்யன் என்றீர்கள். இந்த மாதம் புது ஸ்கீ இலவசம் என்கிறீர்கள். இதில் சிக்கவைக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.' ஒரு பெண்மணி தொழிற்சாலைக்கே போன் செய்து, வீதா லெகாட் என்று நிஜமாகவே ஒருத்தி அங்கே வேலை செய்கிறாளா என்று விசாரித்தாள். போனை எடுத்தது வீதாதான். "இருக்கேன்மா" என்றாள். "அதை நீங்களே சொன்னா எப்படி?" என்று கேட்டு, வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண்மணி.

சேதி வெளியே பரவியதும், கடிதமே போகாத ஓர் ஆளிடமிருந்து ஒரு ஜோடி வந்தது. வால் அழகாகத் திறந்திருந்தது. உளி வைத்த தடம் இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிந்தது. மரத்தூள்கூட இன்னும் உதிரவில்லை. மறுப்புக் கடிதம் எழுதும்போது அந்த மாதத்தில் முதல்முறையாக வீதாவுக்கு வேலையில் சந்தோஷம் வந்தது.

சிரில் மார்ச் மாதம் தன் புது ஜோடியை வாங்க வந்தார், இந்த முறை சாதாரணச் சட்டையில். கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. தட்டினார். வளைத்தார். அடிப்பக்கங்களை ஒட்டவைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நுனியில ஒரு தலைமுடி இடைவெளி தெரியுது" என்று முதல் ஜோடியைத் தள்ளிவைத்தார். இரண்டாவதில் மேலே ஒட்டிய படத்தில் ஒரு குமிழி இருந்தது. மூன்றாவதை முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தோளில் வைத்தார். வீதா பக்கத்திலேயே நின்று, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தியல் விஷயத்தை முதல்லயே எழுதியிருக்கணும் நான்" என்றார் கிளம்பும்போது.

"எழுதியிருந்தாலும் ஒதுக்கித்தான் வச்சிருப்பேன்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விலை மறுபடியும் அறுநூற்றுத் தொண்ணூறு ஆனது. வாரத்துக்கு ஒரு ஸ்கீயை, கடைக்குப் போவதற்கு முன்பே, எதையென்று முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்து அறுத்துப் பார்ப்பதற்கு ஃபெர்தோவிடம் அவள் அனுமதி வாங்கினாள். நல்ல ஸ்கீயை வெட்டிப் போடுகிறாளே என்று அவர் முகம் சுருங்கும்; ஆனால் தடுத்ததில்லை.

மே மாதம் லோவ்ரோ வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து மரப் பட்டறைக்குப் போய்விட்டான். அங்கே சம்பளம் கூட என்று எல்லாரும் சொன்னார்கள்.

"சம்பளம்தான் காரணம். மனைவி மருந்துக்குக் காசு வேணும்ல? எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நினைச்சுக்காதே" என்றான் ரதோ.

வீதா ஒரு சாயங்காலம் வேலி ஓரமாகப் போய், மரச்சட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்த லோவ்ரோவையே கேட்டாள். "என்னாலயா போனே?"

அவன் கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அவளை நேராகப் பார்த்தான். "சம்பளம்தான், வீதா" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

அவள் தலையாட்டினாள். மனைவியின் உடம்பை விசாரித்தாள், தேவலை என்றான். திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம் என்று தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். நம்பிக்கை வரவில்லை.